ஸ்கேனரும் தொப்பியும்

அன்புள்ள ஐயா,
பழைய முறையில் ஃபெல்ட் (ரோமத்தையோ கம்பளியையோ அழுத்திப் பின்ன வைத்த துணி) தொப்பி செய்யக் கற்று வருகிறேன். தொப்பிக்கு வடிவம் தரும் மர அச்சு கிடைக்காததால் தலையை ஸ்கேன் செய்து, 3டி பிரிண்டரில் அச்சு எடுத்து அதன்மேல் தொப்பியை இழுத்தேன். மூத்த கலைஞர் ஒருவர் பார்த்துவிட்டு, இது கைவேலையே இல்லை என்றுவிட்டார். மரபை மீட்கிறேன் என்று நான் சொல்லிக்கொள்ளலாமா?
ச.

அன்புள்ள ச.,

தாராளமாகச் சொல்லலாம். தலையை அளக்கக் கருவி வந்தது நேற்று இல்லை. பாரிஸில் 1843-லேயே கன்ஃபர்மேட்டர் வந்துவிட்டது: தலையில் கவிழ்த்தால் மண்டையின் வடிவத்தைச் சுருக்கி ஒரு சின்னத் தாளில் ஊசியால் குத்திக் காட்டும். உங்கள் ஸ்கேனர் அதன் பேத்தி, அவ்வளவுதான். ஃபெல்ட் இளக நீராவி எவ்வளவு காட்டுவது, உச்சி மெலிந்துபோகாமல் எதுவரை இழுப்பது என்பதெல்லாம் இன்னும் உங்கள் கையில்தானே இருக்கிறது?

அப்புறம், பழசு எல்லாமே காப்பாற்ற வேண்டியதும் இல்லை. முயல் ரோமம் சீக்கிரம் பின்னிக்கொள்ளட்டும் என்று பாதரச நைட்ரேட் தடவினார்கள், அதிலிருந்து எழுந்த பாதரச ஆவியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்த தொழிலாளிகளுக்குக் கை நடுங்கியது, புத்தி தடுமாறியது, அமெரிக்காவில் அது நின்றது 1941-ல்தான். அதுவும் மரபுதான்!

ஆனால் எங்கும் இயந்திரத்தை நுழைக்கலாம் என்று நான் சொல்லவில்லை. பனாமா தொப்பி என்று விற்கும் ஈக்வடாரின் டோக்கியா ஓலைத் தொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். 2012-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது அந்த நெசவு. நேர்த்தியைப் பொறுத்து ஒரு தொப்பிக்கு ஒரு நாளும் ஆகும், எட்டு மாதமும் ஆகும். அங்கே பின்னலை எடுத்துவிட்டால் விற்பதற்கே ஒன்றும் மிஞ்சாது. புதுமை வேண்டுமென்றால் பின்னுகிறவருக்குக் கூலி கூடுதலாகச் சேரும் வழியில் வரட்டும்.

உங்கள் தொழிலில் நிலைமை வேறு. வடிவத்துக்கு ஒன்று, அளவுக்கு ஒன்று என்று அச்சு வேண்டும், அதைச் செதுக்குகிறவர்களோ அருகிவிட்டார்கள். தொப்பி செய்ய ஆள் இருந்தும் அச்சில்லாமல் வேலை நின்றால் யாருக்கு என்ன லாபம்? அந்த இடத்துக்குப் பிரிண்டர் வரட்டும். விற்கும்போது எது கையால், எது கருவியால் என்று சீட்டில் எழுதிவிடுங்கள், போதும்.

ஒரு எச்சரிக்கை. 3டி பிரிண்டரில் போடும் சாதாரண பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரிக்கு மேல் இளகிவிடும், ஆவிக்குத் தாங்காது. மரத்தில் மாதிரி குண்டூசியும் இறங்காது. சூடு தாங்கும் பொருளில், கயிறு கட்டப் பள்ளம் விட்டு அச்செடுங்கள். முதலில் மலிவான கம்பளி ஃபெல்ட்டில் சோதியுங்கள், முயல் ரோம ஃபெல்ட் விலை அதிகம்.