வீட்டு எஃப்.எம். ஆன்டெனா: கடலூர், புதுச்சேரிக்காரர்களின் கேள்வி பதில்

ரேடியோ, டி.வி. ரிப்பேர்தான் என் தொழில். மொட்டை மாடியில் ஆன்டெனா கட்டுவதும் இறக்குவதும் கைவந்த வேலை. நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருப்பதால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன். "எந்த கம்பெனி நல்லது?" என்று மட்டும் கேட்டவர்கள் மன்னிக்கவும், இங்கே கம்பெனி பேர் வராது. குழாயும் கம்பியும்தானே? நீளமும் இடமும் சரியாக இருந்தால் யார் செய்தாலும் எடுக்கும்.

மஞ்சக்குப்பத்திலிருந்து: அண்ணே, ஹோம் தியேட்டர் செட்டுக்குப் பின்னாடி ஒரு மெல்லிசு ஒயர் தொங்குது, அதுதான் ஆன்டெனா. புதுச்சேரி ரெயின்போ 102.8 கொரகொரன்னு வருது. கடைக்காரர் யாகி வாங்கச் சொல்றார். வாங்கலாமா?

அவசரப்படாதீங்க. உங்க வீட்டிலிருந்து புதுச்சேரி நேர்க்கோட்டில் 20 கிலோமீட்டர் சொச்சம்தான். அதுக்கு யாகி, அதாவது பல குழாய் வைத்து ஒரே திசையைப் பார்க்கிற ஆன்டெனா, வேண்டியதில்லை. செட்டோடு வந்த ஒயர் ஏதோ ஒரு நீளத்தில் இருக்கும், அதுவும் இரும்பு அலமாரிக்குப் பின்னால் சுருண்டு கிடக்கும். கொரகொரப்புக்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

ஒரு டைபோல் செய்யுங்க, அதாவது இரண்டு கை நீட்டின மாதிரி ஒரே கோட்டில் இரண்டு கம்பி உள்ள ஆன்டெனா. 100 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 3 மீட்டர். அதில் பாதியை எடுத்து, ஐந்து சதவீதம் போலக் குறைத்தால் டைபோலின் மொத்த நீளம். சுலபக் கணக்கு: 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் விடை வரும். 88 முதல் 108 வரை எல்லாம் வேண்டுமானால் நடுவில் 98க்கு வெட்டுங்க, 1.46 மீட்டர், அதாவது கைக்கு 73 சென்டிமீட்டர். சாதா ஸ்பீக்கர் ஒயரை எடுத்து ஒரு முனையில் 73 சென்டிமீட்டருக்கு இரண்டாகக் கிழித்து, கிழிசல் மேலே போகாதபடி அங்கே ஒரு முடிச்சுப் போட்டு, ஆங்கில 'டி' எழுத்து மாதிரி சுவரில் விரித்து அடிங்க. மறுமுனையின் இரண்டு கம்பியும் செட்டின் ஆன்டெனா முனைகளுக்கு. வட்ட சாக்கெட் என்றால் ஒன்று நடுவுக்கு, ஒன்று வெளி வளையத்துக்கு.

இப்போ முக்கியமான விஷயம். கைகள் இரண்டும் கிழக்கு மேற்காக நீட்டியிருக்கட்டும். டைபோல் தன் அகலவாக்கில், அதாவது கைகளுக்குக் குறுக்கே இருக்கும் பக்கங்களில்தான் நன்றாகக் கேட்கும், நுனி காட்டும் பக்கம் செவிடு. நம்ம கடற்கரைக்கு இது ஒரு வரம். வடக்கே புதுச்சேரி, தெற்கே காரைக்கால் 100.3, இரண்டு திசையுமே அகலவாக்கில் அமைந்துவிடும். செவிட்டுப் பக்கம் ஒன்று கடலைப் பார்க்கும். அங்கே யார் நமக்கு நிகழ்ச்சி வைக்கப் போகிறார்கள்?

அரியாங்குப்பத்திலிருந்து: சார், டெலஸ்கோப் கம்பி, 'டி' ஒயர், அலுமினிய டைபோல், வட்ட ஆன்டெனா, யாகி… இதுல என்னதான் வித்தியாசம்?

டெலஸ்கோப் கம்பியை முழுசா இழுத்தால் பெரும்பாலும் முக்கால் மீட்டர் பக்கம் வரும். அது அலை நீளத்தில் கால் பங்கு. டிரான்சிஸ்டருக்குப் போதும். சில நிலையங்கள் அலையைப் படுக்கைவாட்டில் அனுப்பும், சில நிமிர்த்தி, சில இரண்டும் கலந்து. அதனால் கம்பியை நிமிர்த்திப் பார்த்துவிட்டு சாய்த்தும் பாருங்க. 'டி' ஒயரைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

அலுமினிய டைபோலும் கணக்கில் அதேதான். ஆனால் குழாய் தடிமனாக இருப்பதால் பேண்டின் இரண்டு ஓரமும் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், முக்கியமாக மாடிக்குப் போகும். மடித்து மூடிய நீள்வளைய டைபோல் என்றால் அதன் மின்மறுப்பு (சிக்னலுக்கு அது காட்டும் தடை) 300 ஓம் வாக்கில் இருக்கும். டி.டி.ஹெச்.சுக்குப் போடும் கறுப்பு கேபிள் 75 ஓம். இரண்டையும் பொருத்த நடுவே நாலுக்கு ஒன்று பேலன் போடணும். முன்பு டி.வி. ஆன்டெனா பின்னால் சின்ன டப்பி ஒன்று இருக்குமே, அதுதான். திறந்த டைபோல் தானே 70 ஓம் பக்கம் வருவதால் கேபிளை நேராகக் கட்டினாலும் ஓடும்.

வட்டமாக வளைத்த ஆன்டெனா எல்லாத் திசையும் கேட்கும் என்று விற்பார்கள். கேட்கும்தான், ஆனால் எந்தத் திசையிலும் டைபோலைவிடக் கொஞ்சம் குறைவாக. திசை பார்த்துத் திருப்ப முடியாத பிளாட் பால்கனிக்கு மட்டும் அது சரி.

யாகி வேற ஜாதி. டைபோலுக்குப் பின்னால் சற்று நீளமான குழாய் ஒன்று, முன்னால் சற்றுக் குட்டையானது ஒன்றோ பலவோ. 3 எலிமென்ட் யாகி, அதாவது மூன்று குழாய் வைத்தது, டைபோலைவிட 5 டெசிபல் (சிக்னல் வலுவை ஒப்பிடும் அளவு) கூடக் கொடுக்கும். அதைவிட, பின்னாலிருந்து வருவதை ஒதுக்கும். நான் காசு கொடுத்து வாங்கினால் அதற்காகத்தான் வாங்குவேன். ஒரு திசைக்கு ஏங்குகிறவர்களுக்கு யாகி. வடக்கும் தெற்கும் வேண்டும் என்கிற கடலூர்க்காரர் அதை வாங்கினால் காரைக்காலுக்கு ஒருமுறை, புதுச்சேரிக்கு ஒருமுறை என்று மாடியேறித் திருப்பிக்கொண்டே இருக்கணும்.

முத்தியால்பேட்டையிலிருந்து: அண்ணா, ஆன்டெனாவுல பூஸ்டர் போட்டதுக்கு அப்புறம் ஒரே ஸ்டேஷன் நாலு இடத்துல வருது, மத்தது காணோம். பூஸ்டர் பழுதா?

பூஸ்டர் நல்லாத்தான் இருக்கும். ஊருக்குள்ளே இருந்துகொண்டு அதைப் போட்டதுதான் வம்பு. பக்கத்து நிலையத்தின் சிக்னலை இன்னும் பெருக்கி ஊட்டினால் ரேடியோவின் முன்பகுதி திணறி, இல்லாத இடத்திலெல்லாம் அதே நிலையத்தைக் காட்டும். கழற்றிவிடுங்க. பூஸ்டர் சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும், இல்லாததை உண்டாக்காது. கேபிள் ரொம்ப நீளம், சிக்னலும் மெலிசு என்கிற வீட்டில் மாடியில் ஆன்டெனாவுக்கு அடியிலேயே வைத்தால் பிரயோசனம் உண்டு. செட்டுக்குப் பக்கத்தில் வைப்பது வீண் செலவு.

நெல்லிக்குப்பத்திலிருந்து: ஐயா, அப்பா காலத்து தூர்தர்ஷன் ஆன்டெனா இன்னும் மாடியில நிக்குது. அதையே எஃப்.எம்.முக்கு மாட்டிக்கலாமா?

ஒரு டேப் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்க. மடக்கு டைபோலின் நீளம் 70, 80 சென்டிமீட்டர் என்றால் அது 200 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து டி.வி. சேனலுக்கானது. எஃப்.எம். வரும், ஆனால் ஏனோதானோ என்று. 2 மீட்டருக்கு மேல் என்றால் 60 மெகாஹெர்ட்ஸ் பக்கத்துச் சேனல், அதுவும் பொருந்தாது. ஆனால் தூக்கிப் போடாதீங்க! நீளக் குழாய் கிடைத்தவருக்கு அதிர்ஷ்டம். கைக்கு 73 சென்டிமீட்டராக இரண்டு துண்டு வெட்டி, நடுவில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி விட்டு ஒரு பி.வி.சி. துண்டில் பூட்டினால் டைபோல் தயார். அதைத் தாங்கும் கம்பம், மாஸ்ட், ஏற்கெனவே நிற்கிறது. கேபிளை மட்டும் மாற்றிவிடுங்க, இத்தனை வருஷ வெயிலில் உள்ளே பின்னல் கறுத்துப் போயிருக்கும்.

திண்டிவனத்திலிருந்து: சூரியன் 93.5 வெச்சா ஒரு நேரம் புதுச்சேரி விளம்பரம், ஒரு நேரம் சென்னை விளம்பரம். ரேடியோ கெட்டுப்போச்சா சார்?

இல்லை. இரண்டு ஊரிலும் அதே 93.5தான். எஃப்.எம்.மின் குணம் என்னவென்றால், ஒரே அலைவரிசையில் இரண்டு சிக்னல் வந்தால் வலுவானது மெலிந்ததை அமுக்கிவிடும். மீடியம் வேவ் மாதிரி இரண்டும் கலந்து பேசாது. நீங்கள் இருக்கும் இடத்தில் சில நேரம் இது வலுக்கிறது, சில நேரம் அது.

இங்கே யாகிக்கு வேலை இருக்கிறது. உங்களுக்குப் புதுச்சேரி தென்கிழக்கில், சென்னை வடகிழக்கில். இரண்டுக்கும் இடையே நல்ல கோணம். வேண்டியதைப் பார்த்துத் திருப்பி, வேண்டாதது முழுசாக அடங்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்க. வேண்டியது அதிகம் கேட்கும் இடத்தைவிட வேண்டாதது அடங்கும் இடத்தில் நிறுத்துவதுதான் சரி. இதே கேள்வியைப் பண்ருட்டியிலிருந்து கேட்டவருக்கு இவ்வளவு சுலபமில்லை. அங்கிருந்து இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே பக்கம்.

தேவனாம்பட்டினத்திலிருந்து: கோடை சாயங்காலத்துல இலங்கைத் தமிழ் ஸ்டேஷன் கண்ணாடி மாதிரி வருது, மறுநாள் சுத்தமா இல்ல. பெரிய ஆன்டெனா போட்டா தினமும் வருமா அண்ணே?

வராது. எஃப்.எம். அலை ஏறக்குறைய நேராகவே போகும். ஆன்டெனா உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அது எட்டும் தொடுவானம் கிலோமீட்டரில் வரும். 100 மீட்டர் கோபுரத்துக்கு 41, உங்கள் மாடியில் 9 மீட்டர் உயரத்துக்கு 12, ஆக மொத்தம் 53. அதற்கு அப்பாலும் கொஞ்சம் கசியும், ஆனால் நம்பிக்கைக்குரிய தூரம் அவ்வளவுதான்.

கோடையில் நடப்பது வேறு. கடலுக்கு மேலே ஈரமான குளிர்ந்த காற்று கீழேயும், நிலத்திலிருந்து வந்த சூடான உலர்ந்த காற்று அதன்மேலும் படியும். அந்த எல்லையில் அலை வளைந்து, தண்ணீர் மட்டத்தை ஒட்டியே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடிவரும். காற்றுப் படிவு கலைந்ததும் நிலையமும் போய்விடும். அந்த நேரத்தில் உங்கள் டெலஸ்கோப் கம்பியே போதும். அது இல்லாத நேரத்தில் 10 எலிமென்ட் யாகியும் உதவாது. பெரியவர்கள் "அந்தக் காலத்தில் இலங்கை வானொலி தினமும் கேட்டோமே" என்பார்கள். அது மீடியம் வேவ், ஷார்ட் வேவ் சங்கதி, இதோடு சேர்க்கக் கூடாது.

அதே ஊர், இன்னொருவர்: உப்புக்காத்துல ஆன்டெனா எத்தனை வருஷம் தாங்கும்? புயலுக்கு என்ன செய்யறது?

அலுமினியக் குழாய் தாங்கும், அதைப் பூட்டிய இரும்பு போல்ட்தான் முதலில் போகும். அலுமினியமும் இரும்பும் உப்பு ஈரத்தில் ஒட்டியிருந்தால் ஒன்று மற்றொன்றை அரிக்கும். துருப்பிடிக்காத ஸ்டீல் போல்ட் போடுங்க. கேபிள் இணைப்பின்மேல் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பைச் சுற்றுங்க. கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு விட்டால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது என்ன ஆனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சலும் புதுச்சேரியை ஒட்டித்தான் வந்தது. எச்சரிக்கை வந்ததுமே மாஸ்ட்டைப் படுக்க வைத்துவிடுங்க. கீல் வைத்த அடிப்பாகம் இருந்தால் இரண்டு பேர் போதும். காற்று வீச ஆரம்பித்தபின் யாரும் மாடிக்குப் போகக் கூடாது. இடி இடிக்கும் நாளில் கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி வையுங்க. மாஸ்ட்டுக்கு எர்த் கட்டாயம். மின்கம்பி பக்கத்தில் ஓடினால் மாஸ்ட் சாய்ந்தாலும் அதைத் தொடாத தூரத்தில்தான் நிறுத்தணும்.

வில்லியனூரிலிருந்து: பல்கலைக்கழகத்தோட புதுவை வாணி 107.8 லேசா வருது, உஸ்ஸுன்னு சத்தம். என்ன பண்ணலாம் சார்?

சமுதாய வானொலிக்கு அனுமதித்த சக்தியே 100 வாட் அளவுதான். காலாப்பட்டிலிருந்து உங்கள் ஊர் வரை வருவதே பெரிது. முதலில் காசில்லாத வைத்தியம்: செட்டில் ஸ்டீரியோவை அணைத்து மோனோவில் வையுங்க. ஸ்டீரியோவுக்கு 20 டெசிபலுக்கு மேல் கூடுதல் சிக்னல் வேண்டியிருக்கும். மோனோவில் உஸ் பாதிக்கு மேல் போய்விடும். பேச்சு நிகழ்ச்சிக்கு ஸ்டீரியோ எதற்கு? அப்புறம் டைபோலை 107.8க்கே வெட்டுங்க, கைக்கு 66 சென்டிமீட்டர். மாடிக்கு ஏற்றுங்க. அதற்கும் மசியாவிட்டால் யாகி.

பாகூரிலிருந்து: ராத்திரி லைட் போட்டா மட்டும் இரைச்சல் வருதுங்க.

மலிவு எல்.ஈ.டி. பல்பின் உள்ளே இருக்கும் சர்க்யூட்தான். ஒவ்வொரு பல்பாக அணைத்துப் பாருங்க, ஆள் சிக்கிவிடும். செல்போன் சார்ஜரையும் விட்டுவிடாதீங்க.

குறிஞ்சிப்பாடியிலிருந்து: அண்ணா, மாடியிலிருந்து கீழே 20 மீட்டர் கேபிள் வருது. அதுலயே சிக்னல் போயிடுமா?

ஆர்.ஜி.6 கேபிள் (டி.டி.ஹெச்.சுக்குப் போடும் அதே கறுப்பு கேபிள்) என்றால் 100 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு 6, 7 டெசிபல் போகும். உங்கள் 20 மீட்டருக்கு ஒன்றரை டெசிபல்கூட இல்லை. மாடியேற்றியதில் கிடைக்கும் லாபம் இதைவிடப் பல மடங்கு. ஒன்றை மட்டும் பாருங்க: டி.டி.ஹெச். கேபிளோடு ஸ்பிளிட்டர் போட்டு இணைக்காதீங்க. அந்தக் கேபிளில் செட்டாப் பாக்ஸ் தட்டுக்கு 13, 18 வோல்ட் அனுப்பிக்கொண்டிருக்கும். எஃப்.எம்.முக்குத் தனிக் கேபிளே இழுங்க.