ஐந்து முறை சுட்ட .308 கேஸ், அடியில் பளபளக்கும் கோடு

ஐந்து முறை மருந்து நிரப்பிச் சுட்ட .308 ரைஃபிள் தோட்டாவின் பித்தளைக் கேஸ்களில் (வெளிக்கூடுகளில்), அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு கோடு சுற்றி ஓடுகிறது, இன்னும் நிரப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எத்தனை முறை என்பதை விடுங்கள், அந்தக் கோடுதான் விஷயம். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் கொக்கியாக வளைத்து உள்ளே விட்டு, சுவரை உரசியபடி மேலே இழுத்துப் பாருங்கள். கோடு இருக்கும் இடத்தில் பள்ளத்தில் சிக்குவதுபோல் தட்டினால் சுவர் மெலிந்துவிட்டது; அடுத்த வெடியில் கேஸ் அங்கேயே இரண்டாகப் பிய்ந்துவிடலாம். நசுக்கி எறிந்துவிட்டு, மீதியையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். வழவழவென்று வந்தால் அது சைசிங் டை (சுட்ட கேஸை அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) விட்ட தடமாகவும் இருக்கலாம்.

பெரும்பாலும் டை, கேஸின் தோளை (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதியை) அளவுக்கு மீறிப் பின்தள்ளுவதால்தான் இப்படி ஆகிறது. போல்ட் ரைஃபிளுக்கு (ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துச் சுடுவது) 0.002 அங்குலம் தள்ளினாலே போதும். அப்புறம், அனீலிங் (பித்தளையைச் சூடாக்கி மென்மையாக்குவது) கேஸின் கழுத்து வெடிக்காமல் காக்கும், இதற்கு உதவாது. அடிப்பக்கத்தைச் சூடாக்கவே கூடாது.