மேயர் உண்டு, நகரசபை இல்லை

கேள்வி: வெளிநாடுகளில் நகரசபை என்றால் வாடகை, வேலை, வறுமை எல்லாம் பார்த்துத் திட்டம் போடுகிறார்கள். நம் நகர மன்றமோ புளோக்குக்குப் பெயின்ட் அடிப்பதோடு நிறுத்திக்கொள்கிறது. மக்கள் நிலைமை அவர்கள் கண்ணில் படாதா?
- வாசகர் ஒருவர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: சட்டம் கொடுக்காத வேலையைச் செய்யவில்லை என்று கோபப்படுகிறீர்கள். 1988-ல் வந்த சட்டம் நகர மன்றத்திடம் ஒப்படைத்தது தாழ்வாரம், லிஃப்ட், விளக்கு, குப்பை, கீழ்த்தளம் போன்ற பொது இடங்களைத்தான். வாடகை வீடு யாருக்கு, புதுவீடு என்ன விலை என்பதெல்லாம் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக), அதாவது அரசாங்கத்தின் பாடு.

நீங்கள் கேட்கிற மாதிரி ஒரு நகரசபை இங்கும் இருந்தது. 1957 டிசம்பரில் அதன் 32 இடங்களுக்கும் தேர்தல் நடந்து, ஓங் எங் குவான் மேயரானார். தண்ணீர், மின்சாரம், எரிவாயு எல்லாம் சபையின் கையில். 1959-ல் அந்த வேலைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. சின்ன ஊருக்கு இரண்டு நிர்வாகம் எதற்கு என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அப்போதுகூட வீடு கட்டியது நகரசபை அல்ல, 1927-ல் பிறந்த எஸ்ஐடி என்ற சிங்கப்பூர் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட். 1960-ல் அந்த இடத்துக்கு வீவக வந்தது. (இன்று நமக்கு ஐந்து மேயர்கள்! எல்லாரும் வட்டார உதவித் திட்டங்களை நடத்தும் சமூக மேம்பாட்டு மன்றங்களுக்கு.)

சரி, மக்கள் நிலைமை கண்ணில் படுகிறதா? லிஃப்ட்டைப் பாருங்கள். பழைய புளோக்குகளில் சில மாடிகளில்தான் அது நிற்கும். எழுபதுகளில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறிய அம்மாக்களுக்கு இப்போது முழங்கால் வலி. 2001-ல்தான் எல்லா மாடியிலும் லிஃப்ட் நிறுத்தும் திட்டம் வந்தது. முக்கால்வாசிச் செலவுக்கும் மேல் அரசாங்கம் ஏற்க, மிச்சத்தை நகர மன்றமும் வீட்டுக்காரர்களும் பங்கிட்டார்கள். லிஃப்ட்டுக்கும் வயசாகுமே! அதனால் 2017 முதல், நகர மன்றத்துக்கு வீட்டுக்காரர்கள் மாதாமாதம் கட்டும் கட்டணத்திலும் அரசாங்க மானியத்திலும் குறைந்தது 14 விழுக்காட்டை லிஃப்ட் மாற்றவென்றே ஒதுக்க வேண்டும் என்று விதி. சின்ன வீட்டுக்காரர் கட்டுவது குறைவு, பெரிய வீட்டுக்காரர் கட்டுவது அதிகம். சின்ன வீடுகள் நிறைந்த பழைய வட்டாரத்தில் வசூல் குறைச்சல், பழுதோ கூடுதல். பணம் எதற்கு முதலில் போகும் என்பதை இந்தக் கணக்குதான் முடிவு செய்கிறது.

பெயின்ட் நிறத்துக்கு ஓட்டுப் போட நாம் ஆர்வமாகப் போகிறோம். நகர மன்றத்தின் ஆண்டறிக்கையைத் திறந்து, லிஃப்ட் நிதியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தவர் எத்தனை பேர்? நீங்கள் பார்த்தீர்களா? பார்த்துவிட்டு, உங்கள் எம்.பி.யின் மக்கள் சந்திப்புக்குப் போங்கள். லிஃப்ட் கேள்வியை, நகர மன்றத்தை நடத்துகிறவர் என்ற முறையில் அவரிடம் கேளுங்கள். வாடகைக் கேள்வியை நாடாளுமன்றத்தில் எழுப்பச் சொல்லுங்கள். இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்திருப்பது அவரேதான்.