கில்மாங்கர் கேட்டது தப்பா?

கேள்வி: 'பிளாக் பாந்தர்' ஒரு சூப்பர் ஹீரோ படம்தானே சார், சண்டைய ரசிச்சிட்டுப் போகாம அதுல ஏன் அரசியல் தேடுறீங்க?

பதில்: தேடவே வேணாங்க, படமே அங்கதான் ஆரம்பிக்குது. 1992, அமெரிக்காவுல ஓக்லாந்து, ஒரு சின்ன அபார்ட்மென்ட். 1966ல ஹியூயி நியூட்டனும் பாபி சீலும் கறுப்பின உரிமைக்காகப் போராடின பிளாக் பாந்தர் கட்சிய தொடங்கின ஊரு, டைரக்டர் ரையன் கூக்லர் பொறந்ததும் அங்கதான். (காமிக்ஸ் ஹீரோ கட்சிக்கு சில மாசம் முன்னாடியே வந்துட்டான், அதனால கட்சி பேரத்தான் அவனுக்கு வெச்சாங்கன்னு நினைச்சிக்காதீங்க.) அந்த வீட்டுலதான் வகாண்டாங்கிற கற்பனை ஆப்பிரிக்க நாட்டு ராஜா தன் சொந்தத் தம்பிய கொன்னுட்டு, தம்பி பையன அனாதையா விட்டுட்டுப் போறாரு. அந்தப் பையன்தான் வளர்ந்து கில்மாங்கர்ங்கிற வில்லனா வர்றான், ராஜாவோட மகன்தான் ஹீரோ. முதல் குற்றம் ராஜாவோடதுங்க, வில்லனோடது இல்ல.

கேள்வி: எனக்கு கில்மாங்கர் பேசுறதுதான் நியாயமா படுது. நான் படத்த தப்பா புரிஞ்சிக்கிட்டேனா?

பதில்: இல்ல, சரியாத்தான் புரிஞ்சிருக்கீங்க, எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. வகாண்டாகிட்ட வைப்ரேனியம்ங்கிற அபூர்வ உலோகம் இருக்கு, உலகத்துல யார்கிட்டயும் இல்லாத டெக்னாலஜி இருக்கு, ஆனா கறுப்பின ஜனங்க உலகம் பூரா அடிபட்டுக்கிட்டு இருந்தப்ப திரைய போட்டு மறைஞ்சிக்கிட்டு சும்மா இருந்தீங்களேன்னு அவன் கேக்குறான், சபையில ஒருத்தர்கிட்டயும் பதில் இல்ல. கடைசியில ஹீரோவே முன்னோர்கள பாத்து நீங்க எல்லாரும் செஞ்சது தப்புன்னு கத்துறான், அப்புறம் அதே ஓக்லாந்துல போய் உதவி மையம் தொடங்குறான், அப்படின்னா கில்மாங்கர் சொன்னதுல பாதிய அவனே ஒத்துக்கிட்டான்னுதானே அர்த்தம்.

எனக்கு கோவம் எதுலன்னா, இவ்ளோ நியாயமா கேக்குறவன் கையாலயே காதலிய சுட வெச்சு, ராஜாவுக்கு சக்தி குடுக்குற மூலிகைத் தோட்டத்த எரிக்க வெச்சு, அங்க இருந்த ஒரு வயசான பொம்பள கழுத்த புடிச்சு தூக்க வெச்சு, அவன நாம வெறுத்தே ஆகணும்னு ஆக்கிட்டாங்க. அவன் செத்தா நிம்மதியா இருக்கு, கேள்வியும் அவனோடயே போயிடுது. ஒரு நாட்டுல ஆட்சி கைமாறுற நேரம் பாத்து கவுக்குறது அமெரிக்க ராணுவம் அவனுக்கு சொல்லிக்குடுத்த வேலைன்னு அமெரிக்க உளவுத்துறையான சிஐஏவோட ஏஜென்ட் ராஸ் சொல்ற இடம் இருக்கே, அது ரொம்ப நேர்மையான இடம். ஆனா அதே ராஸ்தான் கிளைமாக்ஸ்ல ரிமோட்ல விமானம் ஓட்டி, கில்மாங்கர் வெளிநாட்டுக்கு அனுப்புற ஆயுதம் போறத தடுக்குற நல்லவரு. காங்கோவோட முதல் பிரதமர் லுமும்பாவ விஷம் வெச்சு கொல்ல சிஐஏ திட்டம் போட்டதுன்னு 1975ல அமெரிக்க செனட் கமிட்டியே ரிப்போர்ட்ல எழுதியிருக்கு, அப்படி இருக்க ஆப்பிரிக்கா பத்தின படத்துல அந்த ஆபீசர காப்பாத்துறவரா காட்டினத என்னால ஏத்துக்கவே முடியல.

கேள்வி: கறுப்பின நடிகர்கள நிறைய போட்டா அதுவே மாற்றமா?

பதில்: முகம் மட்டும்னா இல்ல. இங்க கதை எழுதினவங்க, டைரக்டர், உடை, அரங்கம்னு முடிவெடுக்குற எடத்துலயே அவங்க இருந்தாங்க. 2019 ஆஸ்கர்ல உடைக்கு ரூத் கார்ட்டர், அரங்கத்துக்கு ஹன்னா பீச்லர், அந்த ரெண்டு பிரிவுலயும் ஜெயிச்ச முதல் கறுப்பினக் கலைஞர்கள் இவங்கதான், அவ்ளோ வருஷம் ஆயிருக்கு பாருங்க. கறுப்பின ஹீரோ படம் வெளிநாட்டுல ஓடாதுன்னு ஹாலிவுட்ல சொல்லிட்டு இருந்தாங்க, இது உலகம் பூரா 130 கோடி டாலருக்கு மேல வசூல் பண்ணுச்சு. குறையும் இருக்கு, இவ்ளோ முன்னேறின நாட்டுல சண்டை போட்டு ஜெயிக்கிறவன் ராஜாங்கிறது எனக்கு இப்பவும் உறுத்துது.

ஆனா ஒண்ணு சொல்றேன். வகாண்டா ஆளுங்க பேசுறது சோசா, மண்டேலாவோட தாய்மொழி. 2016ல வந்த 'கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்' படத்துல இதே ராஜாவா நடிச்ச தென்னாப்பிரிக்க நடிகர் ஜான் கானிதான், அப்பாவும் மகனும் ஏன் இங்கிலீஷ்ல பேசணும்னு தன் மொழிய உள்ள கொண்டு வந்தாரு, மகனா நடிச்ச சாட்விக் போஸ்மேன் அந்த வசனத்த அவர்கிட்டயே கத்துக்கிட்டு பேசினாரு.