கேள்வி பதில்: மூழ்கும் பனிக்கட்டி

கேள்வி: ஐசோடோப்புகளுக்கு (நியூட்ரான் எண்ணிக்கையில் மட்டும் வேறுபடும் ஒரே தனிமத்தின் அணுக்களுக்கு) வேதிப்பண்புகள் ஒன்றுதான் என்று படித்தோம். அப்படியென்றால் கனநீர் (சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனத்த ஐசோடோப்பான டியூட்டீரியம் உள்ள தண்ணீர்) மட்டும் ஏன் 3.8 டிகிரி செல்சியஸிலேயே உறைந்துவிடுகிறது?

பதில்: சரியான இடத்தில் பிடித்தீர்கள். அது 'கிட்டத்தட்ட ஒன்றுதான்'. வேதிவினையைத் தீர்மானிப்பது எலக்ட்ரான்கள். சாதாரண ஹைட்ரஜனுக்கும் டியூட்டீரியத்துக்கும் ஒரு புரோட்டான், ஒரு எலக்ட்ரான்தான், பின்னதில் கூடுதலாக ஒரு நியூட்ரான். கார்பன் 12, 13 என்றால் நிறை வித்தியாசம் 8 சதவீதம்தான், இங்கேயோ நிறை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடுகிறது, அதனால் கனத்த அணு குறைவாக அதிர்ந்து, மூலக்கூறுகளுக்கு இடையிலான ஹைட்ரஜன் பிணைப்பு சற்று இறுகிவிடுகிறது. பிரிக்கக் கூடுதல் வெப்பம் வேண்டும்; கொதிநிலையும் 101.4 டிகிரி. அப்புறம் ஒரு வேடிக்கை: கனநீர்ப் பனிக்கட்டியைச் சாதாரணத் தண்ணீரில் போட்டால் அடியில் போய் உட்கார்ந்துவிடும். அதே கட்டி கனநீரில் ஜம்மென்று மிதக்கும்.