பழைய பைக் டேங்க்: துரு, ஓட்டை, பெயிண்ட் - கேள்வி பதில்

கேள்வி (திருமங்கலம்): அண்ணே, ரொம்ப வருசம் ஓடாம நின்ன ஆர்எக்ஸ் 100. டேங்குக்குள்ள டார்ச் அடிச்சா ஒரே துரு. டாய்லெட் கிளீனர் ஊத்தலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. அதுல இருக்கிறது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவோட நிக்காது, தகட்டையும் தின்னும். எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) போதும். மதுரை கீழமாசி வீதி மளிகைக் கடைகள்ல கேளுங்க.

பெட்ரோல் டேப்பைக் கழற்றி அந்த ஓட்டையை ரப்பர் கார்க் வச்சு அடைங்க. முதல்ல சோப்புத்தூள் போட்ட வெந்நீர்ல பிசுக்கு போகக் கழுவணும். பிசுக்கு மேல அமிலம் வேலை செய்யாது. ஒரு கைப்பிடி சின்ன நட்டு போட்டுக் குலுக்கினா தளர்ந்த துரு உதிரும். எண்ணிப் போட்டு எண்ணி எடுங்க. அப்புறம் லிட்டருக்கு 100 கிராம் எலுமிச்சை உப்பைச் சுடுதண்ணில கரைச்சு வாய் வரைக்கும் நிரப்புங்க. தண்ணி தொடாத மேல்பக்கத்துல துரு அப்படியே இருக்கும். 12 மணி நேரத்துல பாருங்க, போகலைன்னா 24 மணி வரை விடலாம்.

கொட்டினதும் லிட்டருக்கு ஒரு ஸ்பூன் சமையல் சோடா கரைச்சு அலசுங்க. நம்ம பக்கம் போர் தண்ணி உப்பு. கடைசி அலசல் ஆர்.ஓ. தண்ணில இருக்கட்டும். உடனே ஹாட் ஏர் கன் பிடிச்சுக் காய வைங்க. வெயில்ல வச்சுட்டு டீ குடிக்கப் போனா, வர்றதுக்குள்ள மஞ்சளா துரு பூத்திருக்கும். காய்ஞ்சு ஆறினதும் 200 மில்லி பெட்ரோல்ல 50 மில்லி டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) கலந்து உள்ளே சுழற்றிவிடுங்க.

கேள்வி (மேலூர்): துரு எடுத்ததும் அடியில ஊசி முனை அளவு ரெண்டு ஓட்டை தெரியுது. எம்-சீல் நிக்குமா?

பதில்: வீடு போய்ச் சேர மட்டும். ஓரத்துல பெட்ரோல் ஊறி ஊறித் தூக்கிரும். ஊசி ஓட்டைக்கு ஈயப் பற்று. சுத்தியிருக்கிற தகடே மெலிஞ்சிருந்தா கேஸ்ல பித்தளை வெல்டிங். எதுன்னு முன்னாடியே முடிவு பண்ணுங்க. ஈயம் பட்ட இடத்துல பித்தளை பிடிக்காது.

பெட்ரோல் நிறைஞ்ச டேங்கைவிட காலி டேங்க்தான் ஆபத்து. மடிப்புக்குள்ள தங்கின ஆவி தீப்பட்டா வெடிக்கும். கழுவின பிறகும் மூடியை இறுக்கி, டேங்கைக் கவிழ்த்து, டேப் ஓட்டை வழியா தண்ணி நிரப்புங்க. பற்றவைக்கிற தகட்டுக்குக் கீழே விரற்கடை இடம் மட்டும் காலியா இருக்கணும். தண்ணி தகட்டைத் தொட்டா சூடு ஏறாது. டேப் ஓட்டை திறந்தே இருக்கட்டும், காத்து வெளியேற வேற வழி இல்லை.

முடிஞ்சதும் சைக்கிள் பம்புல 2 பிஎஸ்ஐ ஏத்தி சோப்பு நுரை தடவிப் பாருங்க. அதுக்கு மேல ஏத்தினா டேங்க் உப்பிரும். இந்தச் சோதனை தேறாம பெயிண்டுக்குக் கொடுக்காதீங்க.

கேள்வி (உசிலம்பட்டி): சார், புல்லட் டேங்க் புதுசா அடிச்சது, மூடியைச் சுத்திக் கொப்பளிச்சு உரியுது. ஏன்?

பதில்: என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டா இருக்கும், சிந்துற பெட்ரோல் அதைக் கரைச்சிரும். இல்லைன்னா கலருக்கு மேல அடிக்கிற நிறமில்லாத கிளியர் கோட் வாய் விளிம்போட நின்னிருக்கும். விளிம்பைத் தாண்டி உள்பக்கம் கொஞ்சம் மடங்கணும். பழைய பெயிண்டை வெறும் தகடு வரை எடுத்து, டூ-பேக் எபாக்ஸி பிரைமர், 2 மில்லிமீட்டருக்கு மேற்படாம பட்டி (பள்ளம் நிரப்புற பசை), சர்ஃபேசர், 600 வாட்டர் பேப்பர், பிறகு பேஸ் கோட் (கலர்), ஹார்டனர் கலந்த பியூ (பாலியூரித்தேன்) கிளியர். ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு, மூக்குல வெறும் துணி மட்டும் கட்டிக்கிட்டு அடிக்கக் கூடாது. நுரையீரல் விஷயம்.

கேள்வி (தல்லாகுளம்): எந்த மாசம் அடிக்கலாம்?

பதில்: தை, மாசி. ஆடிக் காத்துல தூசி ஒட்டும், ஐப்பசி ஈரத்துல பெயிண்ட் வெளுத்து மங்கும்.