கொலுப்படி போல ஒரு பீடம்

கேள்வி: மகளைப் பார்க்க நியூ ஜெர்சி வந்திருக்கிறேன். மன்ஹாட்டனில் இருந்த ரூபின் மியூசியத்தில் இமயமலைக் கலைப்பொருட்களைப் பார்க்க ஆசைப்பட்டேன். 2024-லேயே அதை மூடிவிட்டார்களாம். ஸ்டேட்டன் ஐலண்டில் சின்னதாக ஒரு திபெத்தியக் கலை மியூசியம் இருக்கிறது, ஆனால் அதை அமைத்த அம்மா திபெத்துக்குப் போனதே இல்லை என்கிறார் மருமகன். அவ்வளவு தூரம் போகலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: கட்டாயம் போங்கள். மருமகன் சொன்னது சரிதான். ஜாக் மார்ஷே என்ற அந்த அமெரிக்கப் பெண்மணி, மன்ஹாட்டனில் ஆசியக் கலைப்பொருள் கடை நடத்தியவர். திபெத்தைக் கண்ணால் பார்க்காமலே, அங்கத்திய மலைமடம் மாதிரி கல்லால் ஒரு கட்டடம் எழுப்பி 1947-ல் திறந்தார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலேயே காலமாகிவிட்டார். 1991-ல் தலாய் லாமாவே அங்கே வந்திருக்கிறார்.

அவர் போகவில்லையே தவிர, சேர்த்த பொருட்கள் அசல். எனக்கு மனசு நிறைந்தது அங்கே இருக்கும் வழிபாட்டுப் பீடத்தைப் பார்த்தபோதுதான். நம் வீட்டுக் கொலு மாதிரி படிப்படியாகச் சிலைகள். கண்ணாடிப் பெட்டிக்குள் தனித்தனியாகப் பார்ப்பதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்! அவற்றைக் கும்பிட்டவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்களோ, ஏறக்குறைய அப்படிப் பார்க்கிறோம்.

தூக்கிப் பார்க்க விடமாட்டார்கள், அதனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் சோழர் காலத்து உற்சவமூர்த்திகளை உள்ளே வெற்றிடம் இல்லாமல் கனமாக வார்த்தார்கள். திபெத்தியச் சிலைகளிலோ பெரும்பாலும் உள்ளே வெற்றிடம் இருக்கும். இரண்டுமே மெழுகு வார்ப்புதான் (மெழுகில் உருவம் செய்து, அதை உருக்கி எடுத்த அச்சில் உலோகம் ஊற்றுவது), ஆனால் திபெத்தியச் சிலைகளில் வயிற்றில் இடம் விடுவது வேண்டுமென்றே. மந்திரம் எழுதிய காகிதச் சுருள்கள், தானியம், வாசனைப் பொருட்களை அதற்குள் நிரப்பி, அடியில் செப்புத் தகடு வைத்து மூடுவார்கள். தகட்டில் குறுக்காக இரண்டு வஜ்ராயுதம் செதுக்கியிருக்கும். அதற்குப் பிறகுதான் அந்தச் சிலைக்கு உயிர் வந்ததாக அர்த்தம். இதைத் தெரிந்துகொண்டு எதிரில் நின்று பாருங்கள்.

மன்ஹாட்டன் தென்முனையிலிருந்து ஆரஞ்சு நிறப் படகு, டிக்கெட் கிடையாது, இருபத்தைந்து நிமிடம். சுதந்திர தேவி சிலையும் வழியில் தெரியும். அப்புறம் பஸ். இறங்கியதும் நல்ல மேடு, மூட்டுவலி இருந்தால் மருமகனைக் காரில் விடச் சொல்லுங்கள். எல்லா நாளும் திறப்பதில்லை, போன் செய்து கேட்டுவிட்டே கிளம்புங்கள். தோட்டத்தில் மீன் குளம் இருக்கிறது, பேரப்பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுவார்கள். நீங்கள் முதலில் பீடத்துக்குப் போய்விடுங்கள்.